நூலிழையில் முடிந்த பிரைமரி: அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வருடம் வந்துவிட்டால் போதும், ஜனவரியில் தொடங்கி ஜூன் வரை ஏதாவது ஒரு மாநிலத்தில் யாராவது அரை சதவீதத்தில் ஜெயித்தார், ஒரு சதவீதத்தில் தோற்றார் என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். சில சமயம் ஜெயித்தவர் முகம் வாடியிருக்கும், தோற்றவர் கொண்டாடிக்கொண்டிருப்பார். ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் 2008ல் ஒபாமாவும் ஹில்லாரி கிளிண்டனும் மோதிய போட்டியிலிருந்து வரும், ஏனென்றால் நூலிழை முடிவு எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதை அந்த ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட முழுதாகப் பார்த்துவிடலாம்.

பிரைமரி என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் வாக்காளர்களே வாக்களிக்கிறார்கள். அந்த வாக்குகளின்படி ஒவ்வொரு போட்டியாளருக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று ஒதுக்கப்படும். கோடையில் நடக்கும் தேசிய மாநாட்டில் அந்தப் பிரதிநிதிகள் வாக்களித்து, பாதிக்கு மேல் வாங்கியவர் வேட்பாளர் ஆகிறார். சில மாநிலங்களில் வாக்குச்சாவடிக்குப் பதிலாக ஊர்க்கூட்டம் மாதிரி ஒரே நேரத்தில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள், அதற்கு காகஸ் என்று பெயர். ஆக, மக்கள் போடும் வாக்கு ஒரு படி, அதிலிருந்து வரும் பிரதிநிதி அடுத்த படி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஒரு வாக்கில் ஜெயித்தாலும் வெற்றி வெற்றிதானே?

சட்டமன்றத் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் பார்த்துப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கு முழுத் தொகுதியும் போய்விடும், தோற்றவருக்கு ஒன்றும் கிடையாது. அமெரிக்க பிரைமரியில் அது கட்சியைப் பொறுத்தது, மாநிலத்தைப் பொறுத்தது.

இதற்கு மிசௌரி மாநிலத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2008 பிப்ரவரி 5, ஒரே நாளில் இரண்டு கட்சிகளும் அங்கே பிரைமரி நடத்தின. ஜனநாயகக் கட்சியில் ஒபாமா சுமார் 12,000 வாக்கு வித்தியாசத்தில் கிளிண்டனை முந்தினார். கிடைத்த பிரதிநிதிகள் ஆளுக்கு 36. அதாவது பெயரளவில் வெற்றி, கணக்கில் சமம். அதே நாள், அதே மாநிலம், குடியரசுக் கட்சிப் பக்கம் பாருங்கள். ஜான் மெக்கெய்னுக்கு 33 சதவீதம், மைக் ஹக்கபிக்கு சுமார் 31.5 சதவீதம், மிட் ராம்னிக்கு 29 சதவீதம். மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆனால் 58 பிரதிநிதிகளும் மெக்கெய்னுக்கே போய்விட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கியவருக்கு முழு மாநிலமும்!

எட்டு வருடம் கழித்து, 2016 மார்ச் 15, அதே மிசௌரியில் மறுபடியும் இரண்டு கட்சியிலும் நூலிழை முடிவு. கிளிண்டன், பெர்னி சாண்டர்ஸை சுமார் 1,500 வாக்கில் முந்தினார், பிரதிநிதிகள் 36க்கு 35. டிரம்ப், டெட் குரூஸை 2,000க்கும் குறைவான வாக்கில் முந்தினார், பிரதிநிதிகள் 37க்கு 15. வாக்கு வித்தியாசம் இரண்டு கட்சியிலும் ஏறக்குறைய ஒன்றுதான், விதி வேறு என்பதால் பலன் இவ்வளவு மாறிவிட்டது.

அதனால் யாராவது "அந்த மாநிலத்தை அவர் ஜெயித்துவிட்டார்" என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எந்தக் கட்சி, அங்கே பங்கீடு எப்படி என்பதைத்தான்.

ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள்?

எல்லா மாநிலத்திலும் வாக்கு விகிதத்தின்படிதான். ஆனால் குறைந்தது 15 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. இந்தப் பங்கீடு மாநில அளவில் ஒரு பகுதி, நாடாளுமன்றத் தொகுதி வாரியாக ஒரு பகுதி என்று நடக்கும் (சில மாநிலங்களில் வேறு வகைத் தொகுதி எல்லை).

தொகுதிக் கணக்குதான் சுவாரசியமானது. ஒரு தொகுதிக்கு 4 பிரதிநிதிகள் என்று வையுங்கள், போட்டியில் இரண்டே பேர். ஒருவர் 55 சதவீதம் வாங்குகிறார், நல்ல வெற்றிதான், ஆனால் பிரதிநிதிகள் இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு ஒன்று என்று ஆக வேண்டுமானால் 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதுவே 3 பிரதிநிதிகள் உள்ள தொகுதி என்றால் ஒரே ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் இரண்டுக்கு ஒன்று. ஆகவே இரட்டைப்படைத் தொகுதியில் பத்து சதவீத வெற்றி வீண், ஒற்றைப்படைத் தொகுதியில் அரை சதவீத வெற்றிக்கும் ஒரு பிரதிநிதி லாபம். ஒபாமாவின் ஆட்கள் 2008ல் இதை நன்றாகப் படித்துவைத்திருந்தார்கள். எந்த ஊரில் விளம்பரத்துக்குச் செலவழிப்பது, எந்த ஊருக்கு வேட்பாளரை அனுப்புவது என்பதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியே நடந்தது.

இதன் மறுபக்கம், சின்ன மாநிலத்தில் பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பது பெரிய மாநிலத்தில் சின்ன வித்தியாசத்தில் ஜெயிப்பதைவிட மேல். 2008 பிப்ரவரி 5ம் தேதி நியூ ஜெர்சியில் கிளிண்டன் ஜெயித்தார், 59க்கு 48, லாபம் 11 பிரதிநிதிகள். அன்றைக்கே ஐடஹோவில், அங்கே ஜனநாயகக் கட்சிக்கு அவ்வளவு ஆள்பலமே கிடையாது, காகஸில் ஒபாமா 15க்கு 3 என்று வாரிக்கொண்டார், லாபம் 12. தொலைக்காட்சியில் நியூ ஜெர்சி பெரிய எழுத்தில் ஓடியது. கணக்கில் ஐடஹோ ஒரு படி மேலே.

வாக்கில் தோற்றவர் பிரதிநிதிகளில் முந்த முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 2008 ஜனவரியில் நெவாடா காகஸில் கிளிண்டன் 51க்கு 45 என்று ஜெயித்தார். அன்றைய கணக்குப்படி தேசியப் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 13, அவருக்கு 12. கிளிண்டனின் பலம் லாஸ் வேகஸ் பக்கம், ஒபாமாவின் பலம் வடக்கே இருந்த கிராமப்புறத்தில், அங்கே தொகுதி ஒற்றைப்படையாக அமைந்தது அவருக்கு உதவியது.

டெக்சாஸ் இன்னும் விசித்திரம். அங்கே அந்த வருடம் பகலில் பிரைமரி, வாக்குச்சாவடி மூடியதும் அதே இரவு காகஸ். பிரைமரியில் கிளிண்டனுக்கு 65, ஒபாமாவுக்கு 61. காகஸில் ஒபாமாவுக்கு 38, கிளிண்டனுக்கு 29. கூட்டிப் பாருங்கள், 99க்கு 94 என்று ஒபாமா மேலே வந்துவிட்டார். "டெக்சாஸை வென்ற கிளிண்டன்" என்று செய்தி வந்த மாநிலம் அது.

அப்படியானால் நூலிழை முடிவால் பெரிதாக ஒன்றும் மாறாதா?

மாறும், நிறையவே மாறும். ஆனால் அந்தச் சில ஆயிரம் வாக்கால் மாறுவதில்லை, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியால் மாறுகிறது. அதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.

1968 நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியை எடுத்துக்கொள்வோம். பதவியில் இருந்த அதிபர் லிண்டன் ஜான்சன். அவர் பெயர் வாக்குச்சீட்டில்கூட இல்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டார்கள், அப்படியும் 49 சதவீதம் வாங்கி முதலிடம். எதிர்த்து நின்றவர் வியட்நாம் போரை எதிர்த்த செனட்டர் யூஜின் மெக்கார்த்தி, 42 சதவீதம். கணக்குப்படி ஜான்சன் வெற்றி. ஆனால் மெக்கார்த்தியை யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. ஜனவரி கடைசியில் வியட்நாமில் வட வியட்நாம் தரப்பின் பெரிய திடீர்த் தாக்குதல், டெட் தாக்குதல் என்பார்கள், நடந்தது, போர் முடியப்போகிறது என்று அரசு சொல்லிவந்ததை மக்கள் நம்புவதை விட்டுவிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தலைமுடியை வெட்டி, தாடியை மழித்து, ஒழுங்காக உடுத்திக்கொண்டு பனியில் வீடு வீடாகப் போய் மெக்கார்த்திக்கு வாக்குக் கேட்டார்கள். ஜான்சன் பக்கம் பிரதிநிதி இடங்களுக்கு அளவுக்கு அதிகமான ஆட்கள் நின்று வாக்கைச் சிதறடித்ததால், மாநிலத்தின் 24 பிரதிநிதிகளில் 20 பேர் மெக்கார்த்திக்கே கிடைத்தார்கள்.

பிரைமரி நடந்தது மார்ச் 12. மார்ச் 16ல் ராபர்ட் கென்னடி போட்டியில் குதித்தார். மார்ச் 31ல் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மறுபடி போட்டியிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். முதலிடம் வந்த அதிபர் மூன்று வாரத்துக்குள் களத்தைவிட்டே போய்விட்டார். எதிர்ப்பு இருப்பது கட்சிக்காரர்களுக்குத் தெரியும், அது இவ்வளவு ஆழம் என்று அந்த இரவில்தான் தெரிந்தது. தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தைரியம் கொடுத்தது.

இரண்டாமிடம் வந்துவிட்டு வெற்றி கொண்டாடியவர்கள் உண்டா?

பில் கிளிண்டன், 1992, அதே நியூ ஹாம்ப்ஷயர். பால் சாங்கஸ் 33 சதவீதம், கிளிண்டன் 25. அது நெருக்கமான முடிவுகூட இல்லை. ஆனால் சில வாரங்களாக அந்தரங்க விவகாரமும், வியட்நாம் காலத்தில் ராணுவ சேவையைத் தவிர்த்தார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து அவர் கதை முடிந்தது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். சாங்கஸ் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸ்காரர், அவர் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. கிளிண்டன் இரவு சீக்கிரமே மேடையேறி, நியூ ஹாம்ப்ஷயர் தன்னை மீண்டெழுந்தவனாக்கிவிட்டது என்று பேசிவிட்டார். மறுநாள் பேச்செல்லாம் அதுதான். எதிர்மாறான உதாரணம் 1972ல் எட்மண்ட் மஸ்கி. பக்கத்து மாநிலமான மெயினைச் சேர்ந்தவர், 46 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ஆனால் பாதிக்கு மேல் வாங்குவார் என்று எல்லோரும் நினைத்திருந்ததால் 37 சதவீதம் வாங்கிய ஜார்ஜ் மெக்கவர்ன்தான் வளர்ந்தார், கடைசியில் வேட்பாளரும் ஆனார்.

2008 மே 6ம் தேதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அன்று என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 22ல் பென்சில்வேனியாவில் ஹில்லாரி கிளிண்டன் ஒன்பது சதவீதத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார், லாபம் 12 பிரதிநிதிகள். ஏப்ரல் கடைசியில் ஒபாமாவின் பழைய பாஸ்டர் ஜெரமையா ரைட் பேசிய பேச்சுகள் மறுபடி பெரிய பிரச்சினையாகி, ஒபாமா அவரை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டிவந்தது. பெட்ரோல் விலை ஏறியிருந்த நேரம், கோடைக்கு மத்திய பெட்ரோல் வரியை நிறுத்திவைக்கலாம் என்று கிளிண்டன் சொன்னார், அது வெறும் தேர்தல் வித்தை என்று ஒபாமா எதிர்த்தார். இந்த நிலையில் மே 6ல் இரண்டு மாநிலம், இண்டியானாவும் வட கரோலினாவும். கிளிண்டனுக்கு வேண்டியது இண்டியானாவில் தெளிவான வெற்றி, வட கரோலினாவில் ஒபாமாவை ஒட்டிப் பிடித்து வருவது. அப்படி நடந்தால் "ஒபாமா சரிகிறார், வெள்ளையர் உழைக்கும் வர்க்க வாக்கு அவருக்கு விழாது" என்று கட்சித் தலைவர்களிடம் வாதாடலாம்.

வட கரோலினா சீக்கிரமே முடிந்துவிட்டது. ஒபாமா 56, கிளிண்டன் 42 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசம். இண்டியானா இழுத்தது. மாலையில் கிளிண்டன் வசதியாக முன்னிலையில் இருந்தார், வெற்றி உரையும் நிகழ்த்திவிட்டார். ஆனால் கேரி நகரம் இருக்கும் லேக் கவுண்டியின் முடிவு வராமலே இருந்தது. சிகாகோவுக்குப் பக்கத்து மாவட்டம், கறுப்பின மக்கள் அதிகம், ஒபாமாவின் கோட்டை. அந்த வாக்குகள் நள்ளிரவை ஒட்டி வர வர வித்தியாசம் கரைந்தது. கடைசியில் பதிவான சுமார் 12 லட்சத்து 78 ஆயிரம் வாக்குகளில் கிளிண்டன் சுமார் 14,000 வாக்கில் தப்பினார். பிரதிநிதிகள் 38க்கு 34.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். இண்டியானாவில் அவருக்கு லாபம் 4. வட கரோலினாவில் ஒபாமாவுக்கு 67, அவருக்கு 48, நஷ்டம் 19. மொத்தத்தில் அந்த ஒரே இரவில் 15 பிரதிநிதிகள் பின்னால் போனார், பென்சில்வேனியாவில் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த 12 போய் அதற்கு மேலேயும் போய்விட்டது. மிச்சமிருந்ததோ ஆறே போட்டிகள், அதில் பெரிய மாநிலம் எதுவும் இல்லை.

மூத்த தொலைக்காட்சிச் செய்தியாளர் டிம் ரஸ்ஸர்ட் அந்த இரவிலேயே, வேட்பாளர் யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது என்கிற பொருளில் சொல்லிவிட்டார். மறுநாள் கிளிண்டன் தன் சொந்தப் பணத்திலிருந்து மேலும் 64 லட்சம் டாலர் பிரசாரத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி வந்தது. சில நாட்களுக்குள் சூப்பர் டெலிகேட் (விருப்பப்படி யாருக்கும் வாக்களிக்கக்கூடிய கட்சிப் பிரமுகர்கள்) எண்ணிக்கையிலும் ஒபாமா முந்தினார்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அடுத்த வாரம் நடந்ததுதான். மே 13ல் மேற்கு வர்ஜீனியாவில் கிளிண்டன் 67க்கு 26 என்று, 41 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தப் பருவத்திலேயே அவருக்குக் கிடைத்த மாபெரும் வெற்றிகளில் ஒன்று. அடுத்த நாளே, அதே போட்டியில் நின்று முன்பே விலகியிருந்த ஜான் எட்வர்ட்ஸ் ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்தார். ஒரு சதவீத வெற்றி போட்டியை முடித்துவைத்தது, 41 சதவீத வெற்றியால் அதைத் திறக்க முடியவில்லை. நாள்காட்டியில் மிச்சம் இல்லாதபோது வெற்றியின் அளவுக்கு மதிப்பும் இல்லை.

பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். பிரைமரி முடிந்த இரவில் மேடையில் நின்றுகொண்டே இணைய முகவரியைச் சொல்லி நன்கொடை கேட்பார்கள், கவனித்திருப்பீர்கள். எதிர்பாராத வெற்றி வந்தால் அந்த 24 மணி நேரத்தில் பணம் கொட்டும். நூலிழைத் தோல்வி வந்தால் பெரிய நன்கொடையாளர்கள் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று ஒதுங்குவார்கள். பணம் நின்றால் அடுத்த மாநிலத்தில் விளம்பரம் இல்லை, அலுவலகம் மூட வேண்டும், சம்பளம் நிற்கும். போட்டியாளர்கள் பெரும்பாலும் விலகுவது கணக்குப்படி வாய்ப்பே போய்விட்டது என்பதால் அல்ல, கையில் காசு இல்லை என்பதால்.

நூலிழையில் தோற்றுவிட்டு மீண்டு வந்தவர் யாராவது?

ரொனால்ட் ரீகன், 1976. குடியரசுக் கட்சியில், பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து நின்றார். நியூ ஹாம்ப்ஷயரில் வாக்களித்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், ஃபோர்ட் ஜெயித்தது 1,600க்கும் குறைவான வாக்கில். கடைசி இரண்டு நாள் ரீகன் அந்த மாநிலத்திலேயே இல்லை, முன்னிலையில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் இல்லினாய்க்குப் போய்விட்டார். 1968 தர்க்கத்தின்படி அதிபரை இவ்வளவு நெருங்கியதே பெரிய விஷயம்தான். ஆனால் ரீகன் ஜெயிக்கப்போகிறார் என்று அவர் ஆட்களே சொல்லிவைத்திருந்ததால் அது தோல்வியாகவே பதிந்தது. மெக்கார்த்தி 42 சதவீதத்தில் வெற்றியாளர், ரீகன் 48 சதவீதத்தில் தோற்றவர்.

அதன்பின் ஃப்ளோரிடா போனது, இல்லினாய் போனது, பணமும் போனது, விலகிவிடுங்கள் என்று நாலா பக்கமும் நெருக்கினார்கள். மார்ச் 23ல் வட கரோலினாவில், செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் குழுவின் உதவியோடும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அரை மணி நேர உரையோடும் ரீகன் ஜெயித்தார். பனாமா கால்வாயை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அப்போது அவருடைய பெரிய முழக்கம். அங்கிருந்து டெக்சாஸ், இன்னும் சில மாநிலங்கள் என்று ஏறி, ஆகஸ்டில் கான்சாஸ் சிட்டி மாநாட்டுக்கு வரும்போது யார் வேட்பாளர் என்பது முடிவாகாமலே இருந்தது. ஃபோர்டுக்கு 1,187, ரீகனுக்கு 1,070. தோற்றார், ஆனால் 1980ல் அவர் அதிபரானதற்கான அஸ்திவாரம் அந்த மாநாட்டில்தான் விழுந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரத்துச் சொச்சம் பேர் மாற்றிப் போட்டிருந்தால் 1976லேயே ரீகன் வேட்பாளராகியிருப்பாரா? ஆகியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றே நினைக்கிறேன்.

யார் ஜெயித்தார் என்றே தெரியாமல் போனால்?

அது ஜெயித்தவருக்குச் செய்யும் அநியாயம். 2012 ஜனவரி 3, அயோவா குடியரசுக் கட்சி காகஸ். மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்று அன்றிரவு அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து சரிபார்த்த கணக்கு வந்தபோது ரிக் சாண்டோரம் 34 வாக்கு முன்னிலை, அதிலும் எட்டு வாக்குச்சாவடிகளின் முடிவு கிடைக்கவே இல்லை. அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்து ராம்னி அங்கேயும் ஜெயித்திருந்தார், "முதல் இரண்டிலும் வென்றவர்" என்ற பெயரோடு இரண்டு வாரம் ஓட்டிவிட்டார். சாண்டோரத்துக்கு அந்த இரண்டு வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அந்தக் காகஸ் வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தாது என்பதால், பிறகு நடந்த மாநில மாநாடுகளில் பொறுமையாக வேலை செய்த ரான் பால், மூன்றாமிடம் வந்தவர், அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேரைத் தன் பக்கம் கொண்டுபோனார் என்பது தனிக் கதை.

2020 அயோவாவிலும் இதேதான். முடிவுகளை அனுப்பும் செயலி சரியாக வேலை செய்யாமல், பல நாட்கள் இழுத்தது. பீட் புட்டிஜெஜ் பிரதிநிதிக் கணக்கில் மயிரிழை முன்னால், சாண்டர்ஸ் வாக்கு எண்ணிக்கையில் முன்னால், இருவரும் வெற்றி என்றார்கள். முதல் மாநிலத்தை வென்றவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் வெளிச்சம் இருவருக்குமே முழுதாகக் கிடைக்கவில்லை. அங்கே நான்காமிடம் போன ஜோ பைடனுக்கு அது ஒருவகையில் தப்பிப்பு. பிப்ரவரி 29ல் தென் கரோலினாவில் அவர் பெரிதாக ஜெயித்ததும் புட்டிஜெஜும் ஏமி குளோபுச்சாரும் அடுத்தடுத்து விலகி அவர் பக்கம் வந்தார்கள், பல மாநிலங்கள் ஒன்றாக வாக்களித்த மார்ச் 3ல் போட்டியின் முகமே மாறிவிட்டது.

கருத்துக்கணிப்பைப் பொய்யாக்கி ஒருவர் ஜெயித்தால் அதுதானே பெரிய திருப்பம்?

தலைப்புச் செய்திக்கு ஆம். 2016 மார்ச் 8, மிச்சிகன். கருத்துக்கணிப்புகளில் கிளிண்டன் ஏறக்குறைய 20 சதவீதம் முன்னால் இருந்தார், சாண்டர்ஸ் ஒன்றரை சதவீதத்தில் ஜெயித்துவிட்டார். சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் ஆடிப்பாடியது நியாயம். பிரதிநிதிகள் 67க்கு 63, லாபம் 4. அன்றே மிசிசிப்பியும் வாக்களித்தது, அங்கே கிளிண்டனுக்கு 31, சாண்டர்ஸுக்கு 5. அந்த நாளின் நிகரக் கணக்கில் கிளிண்டன் 22 பிரதிநிதிகள் முன்னேறினார். விகிதப் பங்கீட்டில் பின்தங்கியவருக்கு நூலிழை வெற்றிகள் போதாது, பெரிய பெரிய வெற்றிகள் வேண்டும்.

சூப்பர் டெலிகேட் என்பவர்கள் யார்? அவர்கள்தான் முடிவு செய்கிறார்களா?

ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், முன்னாள் அதிபர்கள், கட்சிக் குழு உறுப்பினர்கள். 2008ல் சுமார் 800 பேர், விருப்பப்படி யாருக்கும் வாக்களிக்கலாம். போட்டி நெருக்கமாக இருந்தால் இவர்கள் எடை கூடும், ஏனென்றால் பிரைமரியில் வாங்கிய பிரதிநிதிகள் மட்டும் யாருக்கும் பாதியைத் தாண்டுவதற்குப் போதாது. ஆனாலும் அந்த வருடம் அவர்கள் பிரைமரிக் கணக்கில் முன்னால் இருந்தவரை மீறத் துணியவில்லை. 2018ல் விதியை மாற்றிவிட்டார்கள்: போட்டி முடிவாகாமல் மாநாட்டுக்குப் போனால் முதல் சுற்றில் இவர்களுக்கு வாக்கு கிடையாது. என் பார்வையில் நல்ல மாற்றம்.

நாடு முழுக்க மொத்த வாக்கைக் கூட்டி, அதிகம் வாங்கியவர்தான் ஜெயித்தவர் என்று சொல்லக் கூடாதா?

2008ல் கிளிண்டன் தரப்பு அப்படித்தான் வாதாடியது. பிரச்சினை, எதைக் கூட்டுவது என்பதில். காகஸ் நடத்திய சில மாநிலங்கள் தனித்தனி வாக்கு எண்ணிக்கையையே வெளியிடவில்லை. மிச்சிகனும் ஃப்ளோரிடாவும் கட்சி விதியை மீறித் தேதியை முன்னால் தள்ளியதால் தண்டிக்கப்பட்டிருந்தன, மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. அதைச் சேர்த்தால் ஒரு விடை, சேர்க்காவிட்டால் வேறு விடை. மே 31ல் கட்சியின் விதிக்குழு கூடி, அந்த இரு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை வாக்கு என்று முடித்தது. ஆட்டத்தின் விதி பிரதிநிதிகள் என்று முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கும்போது, பாதியில் வேறு அளவுகோலைக் கொண்டுவருவது சரியல்ல.

2024ல் கமலா ஹாரிஸ் பிரைமரியில் நிற்காமலே எப்படி வேட்பாளர் ஆனார்?

அவருடைய அம்மா சென்னையிலிருந்து போனவர் என்பதால் தமிழில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பிரைமரிகளை வென்று கிட்டத்தட்ட எல்லாப் பிரதிநிதிகளையும் வைத்திருந்தவர் பைடன். அவர் ஜூலை 21ல் விலகி ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்தார். பிரதிநிதிகள் அதன்பின் அவரவர் விருப்பப்படி வாக்களிக்கலாம், பெரும்பாலானோர் சில நாட்களிலேயே ஹாரிஸ் பக்கம் வந்துவிட்டார்கள், ஆகஸ்ட் ஆரம்பத்தில் இணையவழி வாக்கெடுப்பில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 டிசம்பரில், ஒரு வாக்குகூடப் பதிவாவதற்கு முன்பே போட்டியிலிருந்து விலகியவர் அவர். அப்போது அவரை வெளியேற்றியது முக்கியமாகப் பணப் பற்றாக்குறை.

முடிவு வரும் இரவில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

சதவீதத்தை விட்டுவிட்டு, முதலில் அந்த மாநிலத்தில் பிரதிநிதிகள் எப்படிப் பிரிகிறார்கள் என்று பாருங்கள். எண்ணாமல் மிச்சமிருக்கும் கவுண்டி எது, அங்கே யார் பலம் என்று பாருங்கள், 2008ல் லேக் கவுண்டியைக் கவனித்தவர்கள் கிளிண்டனின் முன்னிலையை நம்பவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பு இரு தரப்பும் என்ன எதிர்பார்ப்பதாகச் சொன்னார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள், ஏனென்றால் அன்றிரவு எல்லோரும் அதையே மாற்றிச் சொல்வார்கள். அப்புறம் மறுநாள் காலை, யார் யாருக்கு ஆதரவு தெரிவிக்கிறார்கள், யார் எந்த ஊர்க் கூட்டத்தை ரத்து செய்கிறார்கள் என்று பாருங்கள். அது உரைகளைவிட உண்மையாக இருக்கும்.

போட்டி இப்படிக் கடைசி வரை இழுத்தால் கட்சிக்குக் கெடுதல்தானே?

சில சமயம் ஆம். 1968ல் ராபர்ட் கென்னடி கலிஃபோர்னியாவில் 46க்கு 42 என்று மெக்கார்த்தியை வென்ற இரவில் சுடப்பட்டார். சிகாகோ மாநாட்டில், ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளரானார், வெளியே தெருவில் மாணவர்களைப் போலீஸ் அடித்தது, நவம்பரில் ஜனநாயகக் கட்சி தோற்றது. வாக்காளர்களுக்கும் முடிவுக்கும் தொடர்பே இல்லாமல் போன அந்தக் கோபத்திலிருந்துதான், பிரதிநிதிகளை வாக்கின் மூலமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இன்றைய முறை பிறந்தது. 1976ல் ரீகனோடு மோதிக் களைத்த ஃபோர்ட் நவம்பரில் ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார்.

2008 வேறு மாதிரி போனது. போட்டி இழுத்ததால்தான் வழக்கமாக யாரும் எட்டிப்பார்க்காத மே மாதத்து மாநிலங்களில்கூட இரு தரப்பும் அலுவலகம் திறந்து, தொண்டர்களைச் சேர்த்து, புதிய வாக்காளர்களைப் பதிவு செய்து, கவுண்டி கவுண்டியாக அலைந்தார்கள். ஜூன் 3ல் ஒபாமா தேவையான எண்ணிக்கையைத் தொட்டார், ஜூன் 7ல் கிளிண்டன் விலகி அவருக்காகப் பிரசாரம் செய்ய ஒப்புக்கொண்டார். மே மாதத்தில் உருவான அந்த அமைப்பு கலையாமல் நவம்பர் வரை இருந்தது. பொதுத்தேர்தலில் ஒபாமா வட கரோலினாவை சுமார் 14,000 வாக்கிலும், இண்டியானாவை சுமார் 28,000 வாக்கிலும் பிடித்தார். இண்டியானா அதற்கு முன்பு ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தது 1964ல்.